ஒன்பது நாள் சத்தியம்

அடிவாரம்
2-6-1986

ஆராயிக்கு மாதையன் எழுதிக்கொண்டது.

நான் செத்துப் போகவில்லை என்று முதலில் தெரிவித்துக்கொள்கிறேன். அடிவாரத்தில் மர டிப்போ ஒன்றில் இருக்கிறேன். மேலே எஸ்டேட்டுகளில் வெட்டுகிற சில்வர் ஓக் கட்டைகளை லாரியில் கொண்டுவந்து இங்கேதான் அடுக்குகிறார்கள். கட்டைக்கு நம்பர் போடுவது என் வேலை. இருபது வருஷம் காப்பித் தோட்டத்தில் மேஸ்திரியாக இருந்து ஆட்கள் பெயரை எழுதியவன், இப்போது கட்டைகளுக்கு நம்பர் எழுதுகிறேன். கட்டைகள் எதிர்த்துப் பேசுவதில்லை, அந்த வரைக்கும் நிம்மதி.

நடந்ததை என் பக்கத்திலிருந்து ஒரு தரம் சொல்லிவிடுகிறேன். மே மாதத் திருவிழாவில், சேர்வராயன் கோயில் குகைக்குள், உன் அண்ணன் காளியண்ணனும் ஊர்க்காரர்களும் பார்க்க, என்னைக் கற்பூரம் அணைக்க வைத்தாய். இனிப் புகையிலையைத் தொட மாட்டேன், தொட்டால் இந்த மலையில் கால் வைக்க மாட்டேன் என்று நீ சொல்லச் சொல்ல நானும் சொன்னேன். ஒன்பது நாள் தொடவில்லை. பத்தாம் நாள் நம் முத்தாயியைப் பெண் கேட்டு வந்தார்கள். சம்பந்தி தட்டை நீட்டினார். வெற்றிலை, பாக்கு, ஓரத்தில் ஒரு துண்டு புகையிலை. பெண்ணைப் பெற்றவன் அதை எடுத்து வாயில் போட்டால்தான் பேச்சு முடிந்தது என்று நம் ஊரில் வழக்கம். போடாவிட்டால் சம்பந்தம் பிடிக்கவில்லை என்று எழுந்து போய்விடுவார்கள். வெற்றிலையை மட்டும் எடுத்திருக்கலாம் என்பாய். எடுத்திருக்கலாம்தான். கை கேட்கவில்லை.

அவர்கள் போனதும் நீ சொன்னது இது: "சத்தியம் பண்ணுன வாயி அது. இனி இந்த மலையில கால வெக்கப்படாது. போயிருங்க." காளியண்ணனும் நின்றிருந்தான். யாரும் உன்னைத் தடுக்கவில்லை. நான் அடுத்த பஸ்ஸில் இறங்கிவிட்டேன்.

முன்பைவிட இப்போது அதிகமாகப் போடுகிறேன். சத்தியம் போன பிறகு யாருக்காக அடக்கிக்கொள்வது? முத்தாயியிடம் அப்பன் வேலைக்குப் போயிருக்கிறான் என்று சொல்.

மாதையன்

&nbsp;

கொட்டச்சேடு
14-6-1986

மாமாவுக்கு ஆராயி எழுதுவது.

கட்டைகள் எதிர்த்துப் பேசுவதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பேசுவேன். எட்டாவது வரை படித்தது இதற்காவது பயன்படட்டும்.

மாசி மாதம் சேலத்து டாக்டர் டார்ச் அடித்து உங்கள் வாயைப் பார்த்தாரே, மறந்துவிட்டதா? இடது கன்னத்தின் உட்புறத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு வெள்ளைத் திட்டு. "இன்னிக்கு இது ஒண்ணும் பண்ணாது. புகையிலையை விட்டீங்கன்னா சுருங்க வாய்ப்பு இருக்கு. விடலைன்னா என்ன ஆகும்னு என்னால சொல்ல முடியாது" என்றார். அவர் சொல்லி அரை மணி நேரம் ஆகவில்லை, பஸ் ஸ்டாண்டில் நீங்கள் பொட்டலம் வாங்கினீர்கள். நான் அருகில் நின்று பார்த்தேன்.

என் அப்பா எப்படிச் செத்தார் என்று உங்களுக்குத் தெரியும். வாய்ப்புண் என்றார்கள். கடைசி மூன்று மாதம் சாமைக் கஞ்சியைத் துணியில் நனைத்துப் பிழிந்து ஊற்றினோம். நாற்றம் தாங்காமல் அவருடைய சொந்த அண்ணன் தம்பிகள் வாசலோடு நின்று பார்த்துவிட்டுப் போனார்கள். பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் நான். அதை இன்னொரு தரம் செய்ய என்னால் முடியாது. நான் சொல்லிக் கேட்கவில்லை, டாக்டர் சொல்லிக் கேட்கவில்லை, சாமிக்காவது பயப்படுவீர்கள் என்றுதான் சத்தியம் வாங்கினேன்.

பயந்தீர்கள். மலையை விட்டுப் போகிற அளவுக்குப் பயந்தீர்கள். புகையிலையை விடுகிற அளவுக்குத்தான் பயம் வரவில்லை.

முத்தாயி உங்களைக் கேட்டுக்கொண்டே இருக்கிறாள். கல்யாணம் தை மாதம் என்று சம்பந்தி சொல்கிறார். பெண்ணின் கையைப் பிடித்துக் கொடுக்க அப்பன் வேண்டும்.

ஆராயி

&nbsp;

அடிவாரம்
6-7-1986

ஆராயிக்கு,

உன் கடிதம் இந்தப் பதினைந்து மைலைக் கடக்க ஐந்து நாள் எடுத்திருக்கிறது. நடந்து வந்திருந்தால் முன்னாலேயே வந்திருக்கும்.

உன்னிடம் ஒன்று கேட்கிறேன். விடு என்று ஆயிரம் தரம் சொன்னாய். விட ஆசையா என்று ஒரு தரமாவது கேட்டாயா? விட வேண்டும் என்று நான் நினைத்ததே இல்லை. நினைத்தது நீ. குகைக்குள் நான் தலையாட்டியது ஊரே நிற்கிறதே என்றுதான். நீ சொன்னதைத் திருப்பிச் சொன்னேன். என் வாய் சொன்னது, நான் சொல்லவில்லை.

உனக்குப் புகையிலை என்றால் வெள்ளைத் திட்டு. எனக்கு அப்படியில்லை. காலை ஆறரைக்குப் பனியில் நனைந்துகொண்டு ஆட்கள் நிற்பார்கள். ஒருத்திக்குக் காலில் அட்டை, ஒருத்திக்குப் புருஷனோடு சண்டை. நான் சுருக்குப்பையை எடுத்து நீட்டுவேன். ஆளுக்குக் கொஞ்சம் கிள்ளிக்கொள்வார்கள். அதற்குப் பிறகுதான் வேலைக்குக் கையே எழும். புகையிலை நீட்டாத மேஸ்திரியை யார் மதிப்பார்கள்? இங்கே எனக்கு அந்த ஆட்களும் இல்லை. புகையிலையும் போய்விட்டால் பேச்சுத்துணைக்கு என்ன இருக்கிறது?

உன் அப்பாவைப் பற்றி எழுதியதைப் படித்தேன். பயம் வந்தது, இல்லை என்று சொல்லவில்லை. பயம் வந்ததும் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு வாய் அதக்கிக்கொண்டேன். பயந்தால் என் கை அங்கேதான் போகிறது. இன்னும் பயமுறுத்தி எழுதினால் இன்னும் போடுவேன், அவ்வளவுதான் நடக்கும்.

இனி என் வாயைப் பற்றி எழுதினால் கடிதத்தைப் பிரிக்க மாட்டேன்.

மாதையன்

&nbsp;

கொட்டச்சேடு
3-8-1986

மாமாவுக்கு,

ஒரு மாதம் எழுதாமல் இருந்தேன். எழுத நினைத்ததெல்லாம் உங்கள் வாயைப் பற்றித்தான் வந்தது.

ஏற்காட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் ஜெயமேரியைப் போய்ப் பார்த்தேன். சேலத்து டாக்டரிடம் போகச் சொன்னதே அவள்தான், உங்களுக்கு நினைவிருக்கும். உங்கள் கடிதத்தைக் காட்டினேன். கோபித்துக்கொள்ளாதீர்கள். என் பக்கம் பேசுவாள் என்று நம்பிக் காட்டினேன். படித்துவிட்டு அவள் என்னைத்தான் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க ஆராயி, விடலாமா வேண்டாமான்னே அவரு இன்னும் யோசிக்கல. நீங்க அதுக்குள்ள கற்பூரம் அணைக்க வெச்சுட்டீங்க. உக்காந்திருக்கறவரப் புடிச்சு ஓடச் சொன்னா ஓடுவாருங்களா?"

"அப்ப நான் பாத்துக்கிட்டு சும்மா இருக்கறதுங்களா?"

"சும்மா இருக்க வேண்டாம். சொல்றத நிறுத்திப்போட்டுக் கேளுங்க. அவரு மனசுல என்ன இருக்குதுன்னு அவரே சொல்லட்டும்."

எனக்கு வந்த கோபம் கொஞ்சமல்ல. கேள்வி கேட்டே குணமாக்க இவள் டாக்டரா வக்கீலா என்று வழி முழுக்கத் திட்டிக்கொண்டே வந்தேன். வீட்டுக்கு வந்து அடுப்புப் பற்றவைக்கும்போதுதான் உறைத்தது. இருபத்தொரு வருஷம் உங்களோடு இருந்திருக்கிறேன். ஒரு நாளின் முதல் வாயை நீங்கள் எப்போது போடுகிறீர்கள் என்று எனக்குத் தெரியாது. நான் எழுவதற்கு முன்பா, பிறகா? எப்போது கட்டாயம் வேண்டியிருக்கிறது? எப்போது சும்மா போடுகிறீர்கள்? கன்னத்தை மட்டும் பார்த்திருக்கிறேன். இதையெல்லாம் பார்க்கவில்லை.

விடச் சொல்லவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்கிறேன். எழுத மனமிருந்தால் எழுதுங்கள்.

ஆராயி

&nbsp;

அடிவாரம்
20-8-1986

ஆராயிக்கு,

பெண்டாட்டி புருஷனைக் கேட்கிற கேள்வியா இது? சிரித்துவிட்டேன். பிறகு யோசித்துப் பார்த்தால் எனக்கே பதில் தெரியவில்லை.

ஆகவே எண்ணிப் பார்த்தேன். கட்டைக்கு நம்பர் போடும் சாக்பீஸால், ஒவ்வொரு வாய் போடும்போதும் டிப்போத் தகரத்தில் ஒரு கோடு. இங்கே நல்லமுத்து என்று ஒரு வாட்ச்மேன் இருக்கிறார். லாரிக் கணக்கு என்று நினைத்துக்கொண்டு, "இன்னிக்கு என்னங்க மேஸ்திரி, நொம்ப லாரி வந்துருச்சாட்ட இருக்குது" என்றார். சாயங்காலம் பார்த்தால் பதினாலு கோடு.

முதல் வாய் முகம் கழுவுவதற்கு முன்பே. நீ எழுவதற்கு முன்பு என்று வைத்துக்கொள். அப்புறம் டீ குடித்ததும். லாரி வந்தால் ஒன்று, போனால் ஒன்று. சாப்பாட்டுக்குப் பிறகு கட்டாயம். மேலே போகிற பஸ் டிப்போவைத் தாண்டும்போது ஒன்று. அது ஏன் என்று கேட்காதே. பதினாலில் நான் ஆசையோடு போட்டது நாலு இருக்கும். மிச்சம் பத்தையும் யார் போட்டது என்று எனக்கே தெரியவில்லை. இது என்னைக் கொஞ்சம் ஆட்டிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். முடி வெட்டுகிற கடையில் கண்ணாடி முன்னால் வாயைத் திறந்து பார்த்தேன். திட்டு இருக்கிறது. பெரிதாகியிருக்கிறதா என்று தெரியவில்லை. குழம்பில் காரம் இருந்தால் எரிகிறது, இரண்டு மாதமாக மோர்ச்சோறுதான். முத்தாயி கல்யாணத்தில் கறிக்குழம்பை எல்லாரையும் போலக் காரமாகச் சாப்பிட வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது. சிரிக்காதே. டாக்டர் சொன்னபோது வராத யோசனை, சோற்றுத் தட்டின் முன்னால் உட்கார்ந்தால் வருகிறது.

விடப் போகிறேன் என்று நான் சொல்லவில்லை. விடாவிட்டால் என்ன என்று முன்பு போலச் சொல்லவும் முடியவில்லை. ரெண்டும்கெட்டானாக இருக்கிறேன். இதை யாரிடமும் சொல்லாதே.

மாதையன்

&nbsp;

கொட்டச்சேடு
7-9-1986

மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை மூன்று தரம் படித்தேன். சிரிக்கவில்லை. அழுதேன்.

யாரிடமும் சொல்லவில்லை. அண்ணனிடம் மட்டும் சொன்னேன், அண்ணன் யாரோ இல்லையே. நீங்கள் விடப் போகிறீர்கள் என்று தெரிந்ததும் அண்ணனுக்கும் சந்தோஷம் தாங்கவில்லை. வரும் வெள்ளிக்கிழமை டிப்போவுக்கு நேரில் வருகிறார். அவரிடம் ஒரு டின் கொடுத்து அனுப்புகிறேன். நெல்லிக்காய் வற்றல், வறுத்த கொத்தமல்லி விதை, கொஞ்சம் கிராம்பு. வாய் ஊறும்போது அதில் ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம் என்று ஜெயமேரி சொன்னாள். சேர்வராயன் கோயில் திருநீறும் வரும். நெற்றியில் வைத்துக்கொண்டு அன்றைக்கே ஆரம்பித்துவிடுங்கள். நல்ல நாள், அண்ணன் பார்த்துவிட்டார்.

ஆராயி

&nbsp;

அடிவாரம்
30-10-1986

ஆராயிக்கு,

ஏன் இத்தனை நாள் எழுதவில்லை என்று உனக்குத் தெரிந்திருக்காது. உன் அண்ணன் சொல்லியிருக்க மாட்டான்.

அவன் வந்தபோது இரண்டு லாரி நின்றிருந்தது. டிரைவர், கிளீனர், சுமை தூக்குகிறவர்கள் என்று பத்துப் பேர். டின்னைத் தூக்கிக் காட்டிக்கொண்டே, "மச்சான், போயில வுட்டுட்டீங்களாமா? ஆராயி ஊரெல்லாம் சொல்லிக்கிட்டு இருக்குது" என்றான். எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். அதற்குள் ஒரு வாய் புகையிலை இருந்தது. என்ன செய்வேன்? அவன் கண் முன்னாலேயே இன்னொரு துண்டை எடுத்து மேலே அதக்கிக்கொண்டேன். திருநீற்றைக் கையில் வாங்கவில்லை. யாரிடமும் சொல்லாதே என்று எழுதியிருந்தேன் ஆராயி. நினைத்துப் பார்க்கத்தான் ஆரம்பித்திருந்தேன். நீ அதற்குள் மேளம் கொட்டிவிட்டாய்.

ஒரு மாதம் உன்மேல் கோபமாக இருந்தேன். டின்னை மட்டும் தூக்கி எறியவில்லை.

பிறகு நானே ஒரு நாள் வைத்தேன். ஐப்பசி முதல் தேதி. அது நல்ல நாளா கெட்ட நாளா என்று யாரையும் கேட்கவில்லை. நல்லமுத்துவிடம் மட்டும் சொன்னேன். அவர் பீடியை விட்டவர், அதுவும் நாலு தரம் விட்டு நாலாவதில்தான் விட்டவர். அவர் சொல்லி, பெட்டிக்கடையைப் பார்த்தபடி இருந்த என் பெஞ்சை மரங்களுக்குப் பின்னால் போட்டுக்கொண்டேன். பை வைத்த சட்டையை விட்டுவிட்டுப் பனியன் போட்டுக்கொண்டேன். கை தானாகப் பைக்குப் போகும், போனால் பை இருக்காது. மூன்றாம் நாள் தலைவலி, யாரைப் பார்த்தாலும் கடுப்பு. ஒரு கட்டையை உதைத்துக் காலில் நகம் பெயர்ந்தது. மரத்துக்குப் பின்னால் உட்கார்ந்து அழுதேன். நாற்பத்தைந்து வயது ஆம்பிளை, எழுதவே வெட்கமாக இருக்கிறது. நெல்லி வற்றல் பாதி காலி.

ஆறாம் நாள் நம் ஊரிலிருந்து லாரி வந்தது. டிரைவர் நீட்டினான், போட்டுவிட்டேன். போட்டதும் உன் குரல்தான் காதில் விழுந்தது. போயிருங்க. எல்லாம் முடிந்தது என்று கடைக்குப் பொட்டலம் வாங்கக் கிளம்பிவிட்டேன். நல்லமுத்து வழியை மறித்து நின்றார். "அஞ்சு நாளு போடாம இருந்தீங்கல்ல, அது எங்கீங்க போச்சு? அது உங்குளுதுதானுங்க. ஒரு வாய் போட்டா ஒரு வாய்தான் போச்சு" என்றார்.

அடிவாரத்தை விட்டு என்னை யாரும் துரத்தவில்லை. மறுநாள் காலையில் மறுபடி ஆரம்பித்தேன். இன்றைக்கு ஏழாம் நாள். அண்ணனிடம் சொல்லாதே.

மாதையன்

&nbsp;

கொட்டச்சேடு
16-11-1986

மாமாவுக்கு,

சொன்னது தப்புத்தான். யாரிடமாவது சொல்லாவிட்டால் நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. அதனால் உங்களுக்கு வந்த அவமானத்துக்கு நான் பொறுப்பு.

போயிருங்க என்று அன்றைக்குச் சொன்னதை, நீங்கள் பஸ் ஏறிய நிமிஷத்திலிருந்து வருந்திக்கொண்டிருக்கிறேன். ஒன்பது நாள் போடாமல் இருந்தீர்கள் என்பது அன்று என் கண்ணில் படவே இல்லை. பத்தாம் நாள் மட்டும்தான் பட்டது.

முத்தாயி கல்யாணம் தை இருபது என்று முடிவாகிவிட்டது. பூசாரியைக் கேட்டேன். சத்தியத்தை யார் வாங்கினார்களோ அவர்களே குகைக்குள் போய், திருப்பிக் கொடுத்துவிட்டேன் என்று சாமியிடம் சொல்ல வேண்டுமாம். அப்போதுதான் நீங்கள் மலையில் கால் வைக்கலாமாம். நான் போக வேண்டும். கொஞ்சம் பொறுங்கள். இரண்டு மாதம் முழுசாகத் தொடாமல் இருங்கள், பிறகு போகிறேன். இப்போதே திருப்பிக் கொடுத்துவிட்டால் பிடி விட்டுப் போய்விடுமோ என்று தோன்றுகிறது.

காப்பிப் பழம் எடுப்பு ஆரம்பித்துவிட்டது. தோட்டத்தில் கணக்கு எழுதும் ரைட்டர் வீட்டுக்கே வந்து, "மேஸ்திரி இல்லீன்னா என்னங்க, உங்க ஆளுங்கள நீங்களே கூட்டிக்கிட்டு வாங்க" என்றார். போகிறேன். பதினெட்டுப் பெண்கள். எனக்கு வேறு எதற்கும் நேரமில்லை.

ஆராயி

&nbsp;

அடிவாரம்
6-12-1986

ஆராயிக்கு,

நாற்பத்து மூன்று நாள் ஆகிறது. ஊருக்குச் சொல்லிக்கொள் என்று இந்தத் தடவை நானே சொல்கிறேன். சாப்பாட்டுக்குப் பிறகு மட்டும் இன்னும் வாய் தேடுகிறது. எழுந்து டிப்போவை ஒரு சுற்று நடந்தால் அடங்கிவிடுகிறது.

போன வாரம் நானாகவே சேலத்துக்குப் போய் அந்த டாக்டரைப் பார்த்தேன். திட்டு கொஞ்சம் சுருங்கின மாதிரி இருக்கிறது என்றார். ஆனால் ஓரம் அவருக்குப் பிடிக்கவில்லை. ஊசி போட்டு மரத்துப் போக வைத்து ஒரு சிறு துண்டு வெட்டி எடுத்தார். பரிசோதனை முடிவு வர நாளாகும். பயமாக இருக்கிறது. பயம் வந்தால் கை போகிற இடத்துக்கு இந்தத் தடவை போகவில்லை, அதுவே எனக்கு ஆச்சரியம். உனக்குக் கடிதம் எழுத வந்துவிட்டது.

ஒரு விஷயத்தில் உன்மேல் எனக்குக் குறை. இரண்டு மாதம் ஆகட்டும், பிறகு திருப்பிக் கொடுக்கிறேன் என்கிறாய். இன்னொரு தரம் ஒரு வாய் விழுந்தால் அப்போது என்ன செய்வாய்? மறுபடி ஒன்றிலிருந்து எண்ணுவாயா? சத்தியம் என்னைப் பிடித்து வைக்கவில்லை ஆராயி. அது என்னை வீட்டைவிட்டு வெளியேதான் வைத்தது. துண்டு வெட்டிக்கொண்டு வந்த நாள் உன் பக்கத்தில் படுக்க வேண்டும் போல இருந்தது. வெளிப்படையாக எழுதுகிறேன், தப்பில்லை.

குகைக்குப் போய்ச் சொல்லிவிட்டு வா. புகையிலையை விட்டதற்குக் கூலியாக இல்லை. எனக்கு வீடு வேண்டும். நேரமில்லை என்பதை நான் நம்பவில்லை. கோயில் உனக்குப் பக்கம். நீ தயங்குவதற்கு வேறு என்ன காரணம்?

மாதையன்

&nbsp;

கொட்டச்சேடு
21-12-1986

மாமாவுக்கு,

கேட்டுவிட்டீர்கள், சொல்கிறேன். படித்துவிட்டு என்னைத் திட்டினாலும் சரி.

நான் புகையிலை போடுகிறேன்.

ரைட்டர் கூப்பிட்டதும் உங்கள் ஆட்களைக் கூட்டிக்கொண்டு போனேன். முதல் நாள் காலை யாரும் கூடையை எடுக்கவில்லை. பனியில் நின்று என் கையையே பார்த்தார்கள். அவர்களில் அத்தாயிதான் வாயைத் திறந்தாள்: "மேஸ்திரி இருந்தா இந்நேரம் பை வந்திருக்குமுங்க." அடுத்த நாள் சுருக்குப்பையோடு போனேன். எல்லாரும் கிள்ளிக்கொண்டார்கள். கடைசியில் அத்தாயி ஒரு துண்டு கிள்ளி என்னிடமே நீட்டினாள். ஆட்கள் கொடுத்து மேஸ்திரி வாங்காவிட்டால் அவர்களைக் கீழாக நினைக்கிறாள் என்று ஆகும். வாங்கினேன். தலை சுற்றி வாந்தி எடுத்தேன். மூன்றாம் நாள் வாந்தி வரவில்லை. பத்தாம் நாள் அவர்கள் நீட்டும் முன்பே நான் எடுத்துக்கொண்டேன். இப்போது அடுப்புப் பற்றவைக்கும் முன்பே வேண்டியிருக்கிறது.

வெற்றிலையை மட்டும் எடுத்திருக்கலாமே என்று உங்களைக் கேட்டவள் நான். தட்டிலிருந்து எடுத்ததற்காக மலையை விட்டே அனுப்பினவள் நான். என் அப்பாவுக்குக் கஞ்சி பிழிந்து ஊற்றினவளும் நான்தான். எல்லாம் தெரியும். தெரிந்து என்ன பயன்?

குகைக்கு இரண்டு தரம் போனேன். வாசல் வரை போய்த் திரும்பிவிட்டேன். இந்த வாயை வைத்துக்கொண்டு சாமி முன்னால் எப்படிப் பேசுவேன்? போன திங்கள்கிழமை நிறுத்திவிடலாம் என்று பையை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போனேன். மத்தியானம் வரைகூடத் தாங்கவில்லை. அத்தாயியிடம் கேட்டு வாங்கிப் போட்டேன். நீங்கள் ஒன்பது நாள் இருந்தீர்கள் மாமா.

எனக்கு ஒரே வழிதான் தெரிகிறது. நீங்கள் எப்படியாவது வந்து என்னைக் குகைக்குக் கூட்டிப்போய்ச் சத்தியம் வாங்குங்கள். உங்களிடம் நான் வாங்கியது போலவே வாங்குங்கள். தொட்டால் இந்த வீட்டில் இருக்க மாட்டேன் என்று சொல்கிறேன். முத்தாயிக்கு இது தெரியாது. அவள் வரும்போது துப்பிவிட்டு வாய் கொப்பளிக்கிறேன்.

பரிசோதனை முடிவு வந்ததா? உடனே எழுதுங்கள்.

ஆராயி

&nbsp;

அடிவாரம்
9-1-1987

ஆராயிக்கு,

முடிவு வந்துவிட்டது. அந்தத் துண்டில் இப்போதைக்குப் புற்று இல்லை என்றார் டாக்டர். இப்போதைக்கு என்பதை இரண்டு தரம் அழுத்திச் சொன்னார். மூன்று மாதத்துக்கு ஒரு தரம் வந்து வாயைக் காட்ட வேண்டுமாம், எத்தனை வருஷம் என்று அவருக்கே தெரியாதாம். வெளியே வந்து பஸ் ஸ்டாண்டில் ஒரு டீ குடித்தேன். டீ மட்டும்தான்.

உன் கடிதத்தைப் படித்ததும் முதலில் கோபம் வந்தது. மறைக்க மாட்டேன். இவளா என்னைத் துரத்தினாள் என்று அந்தக் கடிதத்தைக் கசக்கிவிட்டேன். பிறகு நீ பனியில் பையோடு நிற்பதையும், பதினெட்டுப் பேர் உன் கையைப் பார்ப்பதையும் நினைத்துப் பார்த்தேன். அந்த இடத்தில் இருபது வருஷம் நின்றவன் நான். அங்கே நின்றுகொண்டு வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம் என்று இந்த மலையில் என்னைவிட யாருக்குத் தெரியும்? அந்தப் பையை அந்த வரிசையில் சுற்ற விட்டவனும் நான்தான்.

உன்னிடம் சத்தியம் வாங்க மாட்டேன். கெஞ்சினாலும் வாங்க மாட்டேன். தொட்டால் வீட்டில் இருக்க மாட்டேன் என்கிறாயே, அப்படிச் சொல்லிவிட்டு அடிவாரத்தில் ஏழு மாதம் உட்கார்ந்தவனிடமா சொல்கிறாய்? நீ போய்விட்டால் முத்தாயியை யாரிடம் விடுவது, நான் யாரோடு இருப்பது? நாலு நாள் விட்டு அஞ்சாம் நாள் போடு. மறுபடி விடு. எண்ணிப் பார்க்கத் தோன்றினால் எண்ணு. தோன்றாவிட்டால் இரு. எப்போது ஆரம்பிக்கிறாய் என்று நான் கேட்க மாட்டேன், நீயே சொல்வாய். அந்த மூன்றாம் நாள் வரும்போது பக்கத்தில் நான் இருக்க வேண்டும். எனக்கு யாரும் இல்லாமல் கழிந்தது அது.

எனக்கான சத்தியத்தையும் நீ திருப்பிக் கொடுக்க வேண்டாம். வாசல் வரை போய்த் திரும்பினதே போதும். பாதிச் சத்தியத்தை வாயால் உடைத்தேன், மீதியைக் காலால் உடைத்துவிட்டு வருகிறேன். வழியில் நானே குகைக்குப் போய்ச் சாமியிடம் சொல்லிக்கொள்கிறேன். சேர்வராயனுக்குக் கோபம் இருந்தால் என்னிடம் தீர்த்துக்கொள்ளட்டும். பயமாகத்தான் இருக்கிறது. இருந்தாலும் வருகிறேன். சுத்தமான பிறகுதான் வீட்டுக்குள் வர வேண்டும் என்றால் நாம் இரண்டு பேரும் ஆளுக்கொரு ஊரில்தான் சாக வேண்டியிருக்கும்.

பொங்கல் கழிந்து வரும் செவ்வாய்க்கிழமை மத்தியான பஸ்ஸில் ஏறுகிறேன். கோயிலுக்குப் போய்விட்டு, பொழுது சாய்வதற்குள் வீட்டுக்கு வந்துவிடுவேன். நான் வருகிறேன் என்று துப்பிவிட்டு அவசர அவசரமாக வாய் கொப்பளிக்காதே. வாயில் இருந்தால் அப்படியே வந்து கதவைத் திற. பார்க்காதது போல் நடிக்க மாட்டேன். பார்ப்பேன். பார்த்துவிட்டு உள்ளே வருவேன்.

மாதையன்